ஓடும் காலும் ஆடும் காலும்

‘ஷூ’ என்பது ஓரெழுத்துச் சொல். நம் இலக்கணத்தார் அதனை ஓரெழுத்தொரு மொழிகளின் வரிசையில் ஏற்பார்களோ, மாட்டார்களோ; நம் இல்லங்களில் அஃது எப்போதோ குடிபுகுந்துவிட்டது. தில்லியிலும் மும்பையிலும் புணேயிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் காலத்தில் ஒரு சுற்றறிக்கை வந்து சேர்கிறது. மாணவர்க்கு விளையாட்டுக் காலணி வேண்டும் என்கிறது. மகள் மேல்நாட்டு நடனம் பயில விரும்பினால், நடனக் காலணி வேண்டும் என்று மற்றொரு சீட்டு வருகிறது. கடைக்குச் சென்றாலோ சுவர் முழுதும் காலணிகள். விலை சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல்லாயிரத்தில் சென்று நிற்கிறது. விலை மிகுந்ததே சிறந்தது என்று எண்ணிக் கடன்பட்டு வாங்குவோர் உண்டு. எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணி, கையில் அகப்பட்டதை வாங்கிக் குழந்தையின் காலைப் புண்ணாக்குவோரும் உண்டு.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் இச்சொல் தொல்லை தருவதுண்டு. ஆங்கிலத்தில் தனித்தனிப் பெயர் தாங்கி நிற்கும் பத்துப் பொருள்கள், தமிழில் ‘காலணி’ என்னும் ஒரே பெயரில் வந்து ஒடுங்கிவிடுகின்றன. பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. ஓட்டக்காரன் அணிவதை அணிந்து குண்டெறிந்தால் கால் இடறும். குண்டெறிபவன் அணிவதை அணிந்து ஓடினால் கால் வழுக்கும். இவ்வேறுபாட்டுக்கு அடிப்படை மூன்று: கால், தரை, அசைவு. யாருடைய கால், எந்தத் தரையில், எவ்வாறு அசையப் போகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டுவிட்டால், எந்தக் காலணி என்பது தானே விளங்கிவிடும். சில வேளைகளில் காலணியே வேண்டாம் என்பதும் விடையாக அமையலாம்.

இதனை விளக்கிக் காட்டத் தமிழகத்தின் மேற்கெல்லையை ஒட்டியுள்ள பாலக்காடும் இடுக்கியும் மிகவும் பொருத்தமான இடங்கள். வாளையாற்றைக் கடந்தால் பாலக்காட்டுக் கணவாய். கொழிஞ்சாம்பாறை, சிற்றூர்ப் பக்கங்களில் இன்றும் தமிழ் வீட்டுமொழியாக வழங்குகிறது. தெற்கே போடிமெட்டையும் குமுளியையும் கடந்தால் இடுக்கி மலை. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு ஆகிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்து வருகின்றனர். நம் நேயர்களுள் பலருக்கு இவ்வூர்களில் உறவினர் இருக்கக்கூடும். ஒன்று காற்று வீசும் சமவெளி, மற்றொன்று ஏறி இறங்கும் மலைச்சரிவு. இவ்விரு மண்ணிலிருந்தும் நாடறிந்த ஓட்டக்காரர்கள் தோன்றியிருக்கின்றனர், ஆடற்கலையும் தழைத்திருக்கிறது.

இடுக்கியின் தொடுபுழையில் பிறந்த ஷைனி வில்சன், 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தின் அரையிறுதிச் சுற்றை எட்டினார். இடுக்கியின் கொம்பிடிஞ்ஞால் என்னும் மலைக் கிராமத்தைச் சேர்ந்த பீனாமோள், 2002-ஆம் ஆண்டு பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். அவருடைய தம்பி பினு, அதே போட்டியில் ஆடவர் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். இராஜாக்காட்டை அடுத்த முல்லக்கானத்திலிருந்து வந்து பாலக்காட்டில் வாழ்ந்த பிரீஜா ஸ்ரீதரன், 2010-ஆம் ஆண்டு குவாங்சோவில் 10,000 மீட்டரில் தங்கமும் 5,000 மீட்டரில் வெள்ளியும் பெற்றார். பாலக்காட்டை அடுத்த முண்டூரில் கூலி வேலை செய்யும் பெற்றோருக்குப் பிறந்த சித்ரா, 2017-ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டரில் முதலிடம் பெற்றார். பாலக்காட்டு ஸ்ரீசங்கர், 2022-ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் 8.08 மீட்டர் நீளம் தாண்டி வெள்ளி பெற்றார். மறு ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் 8.19 மீட்டர் தாண்டி மீண்டும் வெள்ளி பெற்றார். அண்டை நிலத்தார் ஆயினும் இவர்களுள் ஒருவர் அணிவது மற்றவருக்கு ஆகாது. அஃது ஏன் என்பதைக் காணுமுன், வெறுங்காலைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும்.

வெறுங்காலை வறுமையின் அடையாளமாக மட்டும் காண்பது சரியன்று. தென்னாட்டில் 2,300 சிறுவர் சிறுமியரின் பாதங்களை ஆராய்ந்து, 1992-இல் மருத்துவ இதழொன்றில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளுள் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம் காணப்பட்டது. வெறுங்காலுடன் வளர்ந்தோருள் நூற்றுக்கு 2.8 பேருக்கே காணப்பட்டது. சிறு வயதில் மண்ணை மிதித்து நடக்கும் பாதத்தில் தசைகள் வலுப்பெறுகின்றன; உள்ளங்காலின் வளைவும் நன்கு அமைகிறது. ஆயினும் வெறுங்காலுக்கு ஆபத்துகளும் உண்டு. ஈரமண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் பாதத்தின் தோலைத் துளைத்தே உடலுக்குள் புகுகின்றன. கண்ணாடிச் சில்லும் துருப்பிடித்த ஆணியும் கொதிக்கும் தாரும் நிறைந்த நகரத் தெருவில் வெறுங்கால் ஓட்டம் அறிவுடைமையாகாது. ஆகவே இங்கும் தரையே தீர்ப்பளிக்கிறது.

விளையாட்டு வரலாறும் இதையே கூறுகிறது. 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் காற்பந்தாட்டக்காரருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் 2-1 என்னும் கணக்கிலேயே தோற்றனர், பார்த்தவர்கள் வியந்தனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் குளிர்ந்த எல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றனர். அதன்பின் காலணி கட்டாயமாயிற்று. எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960-இல் ரோமாபுரியின் தெருக்களில் வெறுங்காலுடன் மராத்தான் ஓடித் தங்கம் வென்றார். 1964-இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி மீண்டும் தங்கம் வென்றார். வெற்றி காலணியில் இல்லை என்பதற்கு முதல் ஓட்டம் சான்று. காலணி வெற்றிக்குத் தடையன்று என்பதற்கு இரண்டாம் ஓட்டம் சான்று.

இனிக் காலணிகளின் வகைகளைக் காண்போம். சங்க நூல்களிலேயே காலணியைக் குறிக்கத் ‘தொடுதோல்’ என்னும் சொல் உண்டு. பன்னெடுங் காலம் காலணி தோலாகவே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறையைக் கண்டு, 1844-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வெயிலில் உருகாததும் குளிரில் வெடிக்காததுமான ரப்பர் அதனால் கிடைத்தது. மேலே துணியும் கீழே ரப்பரும் கொண்ட கான்வாஸ் காலணி, விளையாட்டுக் காலணிகளுக்கெல்லாம் மூத்ததாகும். நம் பள்ளி நாள்களில் சாக்கட்டி தேய்த்து வெளுப்பாக்கி அணிந்த காலணியும் இவ்வினமே. அது நடைக்கும் அணிவகுப்புக்கும் போதுமானது. நெடுந்தொலைவு ஓடுவதற்குப் போதாது.

ஏனெனில் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் தாக்குகிறது. அதனைத் தாங்கவே ஓட்டப் பயிற்சிக் காலணியில் மேற்பாகத்துக்கும் அடி ரப்பருக்கும் நடுவில் மெத்தை போன்ற நுரைப்பொருளை வைக்கின்றனர். குதிகாலின் கீழ் அது தடித்தும் விரல்களின் கீழ் மெலிந்தும் இருக்கும். இக்காலணி முன்னோக்கிச் செல்வதற்கென்றே அமைந்தது. பக்கவாட்டில் பாய்ந்து திரும்பும் ஆட்டங்களுக்கு இஃது ஏற்றதன்று; உயர்ந்த மெத்தையின் மேல் கால் நிலைதவறிக் கணுக்கால் பிசகும். இறகுப்பந்து, கைப்பந்து, கூடைப்பந்து ஆகியவற்றுக்கு அடி தாழ்ந்து, ஓரங்கள் உறுதியாக, தரையைப் பற்றும் ரப்பர் கொண்ட காலணியே உகந்தது. காற்பந்துக்குப் புல்தரையில் ஊன்றும் குமிழ்கள் அடியில் வேண்டும். ‘விளையாட்டுக் காலணி’ என்று மட்டும் பள்ளி எழுதி அனுப்பினால், எந்த விளையாட்டு என்று திருப்பிக் கேட்பது பெற்றோரின் கடமை.

அடுத்தது ஆணிக் காலணி. ‘ஸ்பைக்ஸ்’ என்று வழங்குவது. குறுந்தொலைவு ஓட்டக்காரர் நுனிக்காலிலேயே ஓடுகிறார். ஆகவே அவருடைய காலணியில் குதிகாலுக்கு மெத்தை மிகக் குறைவு. முன்பாகத்தில் விறைப்பான தகடும் அதில் ஆணிகளும் இருக்கும். பீனாமோளும் சித்ராவும் ஓடிய நடுத்தர ஓட்டங்களுக்கு உரியவை சற்று வளைந்து கொடுப்பவை. குதிகாலுக்கும் சிறிது மெத்தை உண்டு. பிரீஜா ஓடிய 10,000 மீட்டரோ 400 மீட்டர் பாதையை 25 முறை சுற்றி வருவது. அதற்கு எடை குறைவும் மெத்தையும் ஒருங்கே வேண்டும். ஸ்ரீசங்கரின் நீளம் தாண்டலில் முழுவேகத்தில் ஓடிவந்து ஒரே காலால் பலகையை மிதித்து எழும்ப வேண்டியிருப்பதால், அடித்தகடு உறுதியாக இருத்தல் வேண்டும். உயரம் தாண்டுவோருக்கும் ஈட்டி எறிவோருக்கும் முன்பாகத்தில் மட்டுமன்றிக் குதிகாலிலும் ஆணிகள் உண்டு. அவர்கள் குதிகாலை ஊன்றியே உடலின் வேகத்தைத் திருப்புகின்றனர். குண்டும் வட்டும் எறிவோருக்கோ ஆணியே கூடாது. சிமெண்டு வட்டத்துக்குள் சுழல வேண்டியிருப்பதால் அவர்களுக்கு வழவழப்பான அடி வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் விதிகளும் உண்டு. ஒரு காலணியில் 11 ஆணிகளுக்கு மேல் கூடா. செயற்கை ஓடுதளத்தில் ஆணியின் நீளம் 9 மில்லிமீட்டருக்கு மிகாமலும், உயரம் தாண்டலிலும் ஈட்டியெறிதலிலும் 12 மில்லிமீட்டருக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். மண் தளத்தில் 25 மில்லிமீட்டர் வரை இடமுண்டு. மண்ணில் நீண்ட ஆணியும் செயற்கைத் தளத்தில் குட்டையான ஆணியும் ஏன் என்றால், மண் நெகிழ்ந்து கொடுக்கும். செயற்கைத் தளம் கொடுக்காது. 2024 நவம்பர் முதல் தடகள அரங்கின் ஓட்டங்களுக்கும் தாண்டல்களுக்கும் உரிய காலணியின் அடித்தடிப்பு 20 மில்லிமீட்டருக்கு மேற்படக்கூடாது என்பது உலகத் தடகள அமைப்பின் விதி. சாலை ஓட்டத்துக்கு 40 மில்லிமீட்டர் வரை ஏற்கப்படுகிறது. அண்மைக் காலத்தில் மெத்தைக்குள் கரியிழைத் தகடு வைத்த காலணிகள் வந்து சாதனைகள் பல முறியடிக்கப்பட்டதனால்தான் இவ்வரம்பு வகுக்க நேர்ந்தது. இத்தகைய காலணிகள் பந்தயத்துக்கு உரியவை. பள்ளிச் சிறுவனுக்கு இவை தேவையே இல்லை.

ஓடும் காலை விட்டு ஆடும் காலுக்கு வருவோம். பாலக்காட்டு மாவட்டத்திலுள்ள வெள்ளினேழி, கதகளிக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள ஒளப்பமண்ண மனை, கல்லுவழி மரபு என்னும் கதகளி நெறியை வளர்த்த இல்லமாகும். மலை போன்ற உடையும் முடியும் தாங்கும் கதகளி நடிகருக்குக் காலில் மட்டும் ஒன்றுமில்லை. முழங்காலின் கீழே மணிகள் கட்டியிருப்பார், பாதம் வெறும் பாதமே. அவர் நிற்பதும் நம்மைப் போலன்று. முழங்கால்களை அகல விரித்து, பாதத்தின் வெளிவிளிம்பில் எடையை வைத்து நிற்கிறார். எந்தக் காலணிக்குள்ளும் இந்நிலை இயலாது. அதற்காகவே மாணவர்கள் இளமையிலிருந்து கடுமையான கால் பயிற்சியும் எண்ணெய் தடவி உழிதலும் மேற்கொள்கின்றனர். காலணி செய்ய வேண்டிய பணியைப் பயிற்சி செய்கிறது.

நம் பரதமும் வெறுங்காற் கலையே. தட்டடவில் பாதம் முழுதும் தரையில் படிந்து ஒலிக்க வேண்டும். நாட்டடவில் குதிகால் தனியே தொட வேண்டும். குதித்து மெட்டும் அடவில் விரல்நுனிகள் தாங்க வேண்டும். இவற்றைத் தனித்தனியே காட்டவல்லது வெறும் பாதம் ஒன்றே. சலங்கை அதற்குச் சாட்சி சொல்கிறது. ஆனால் ஒன்றைப் பெற்றோர் மறத்தலாகாது. காலணி இல்லாத நடனத்தில் தரையே காலணி. அடுக்குமாடி வீட்டின் பளிங்குத் தரையிலும் கான்கிரீட்டின் மேல் பதித்த ஓட்டிலும் நாள்தோறும் மணிக்கணக்கில் தட்டடவு போட்டால், அதிர்ச்சி முழுதும் குதிகாலையும் முழங்காலையும் சேரும். மரத்தளம் கிடைத்தால் மிக நன்று. நகரத்து நடனப் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரின் புகழை விசாரிப்பதோடு அங்குள்ள தரையையும் ஒருமுறை பார்த்து வருதல் நலம்.

மேல்நாட்டு நடனங்களில் காலணி கருவியாகவே மாறிவிடுகிறது. பாலே நடனத்தில் பயிலத் தொடங்குவோர் மெல்லிய தோலாலோ துணியாலோ ஆன செருப்புப் போன்றதை அணிகின்றனர். பல்லாண்டுப் பயிற்சிக்குப் பின்னரே நுனிவிரலில் நிற்கும் காலணி கைக்கு வருகிறது. அதன் முனையில் துணியையும் தாளையும் பசையிட்டு அடுக்கி இறுக்கிய சிறு பெட்டி ஒன்று உண்டு. விரல்கள் அதற்குள் நின்று உடலைத் தாங்குகின்றன. எலும்பு முற்றாத சிறுமிக்கு அதனை அவசரப்பட்டு வாங்கித் தருதல் தீங்கு. ஆசிரியர் சொல்லும் வரை காத்திருத்தல் வேண்டும். டாப் நடனக் காலணியின் நுனியிலும் குதியிலும் உலோகத் தகடுகள் இருக்கும். நம் சலங்கையின் வேலையை அவை செய்கின்றன. ஸ்பெயின் நாட்டு பிளமெங்கோ காலணியில் அவ்விடங்களில் சிறு ஆணிகளை நெருக்கமாக அறைந்திருப்பர். இணைந்தாடும் நடனங்களுக்கு உரியவற்றின் அடி, மெத்தென்ற சொரசொரப்பான தோலால் ஆனது; வழுக்கவும் செய்யாது, சுழற்சியைத் தடுக்கவும் செய்யாது. ஓட்டக் காலணியுடன் நடனம் ஆடுவது ஏன் தவறு என்பதும் இங்கே விளங்கும். ரப்பர் தரையைப் பற்றிக்கொள்ள, உடல் மட்டும் சுழல, அந்தத் திருகல் முழங்காலில் சென்று முடியும்.

ருக்மிணி தேவி அருண்டேல் 1920-களின் இறுதியில் உருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்று, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். சொந்த நாட்டின் ஆடலை நாடுமாறு பாவ்லோவா அவருக்கு அறிவுறுத்தினார். பின்னர் அவர் சதிர் ஆடலைக் கற்று, 1935-இல் அடையாற்றில் மேடையேறி, 1936-இல் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்தார். பாலேயின் காலணியையும் பரதத்தின் வெறும் பாதத்தையும் தம் காலாலேயே அறிந்தவர் அவர். இரண்டுள் எது உயர்ந்தது என்னும் வழக்குக்கு இடமில்லை. ஒன்று வானை நோக்கி எழ முயல்கிறது. மற்றொன்று மண்ணோடு பேசுகிறது. அதற்கேற்பவே கால்கள் ஒப்பனை பெறுகின்றன.

தரையையும் அசைவையும் கண்டோம், எஞ்சியது கால். நம் கடைகளில் பெரிதும் வழங்கும் அளவெண்கள் ஆங்கிலேய முறைப்படி அமைந்தவை. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு அங்குல நீளம். அது பண்டை இங்கிலாந்தில் ஒரு பார்லி மணியின் நீளம்! அகலத்தை இவ்வெண் கூறுவதில்லை. சென்னையில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச்சு வரை நாட்டின் 79 இடங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியர் பாதம் அகலமானது என்பது அதன் முடிவு. இதனையொட்டி ‘பா’ என்னும் பெயரில் இந்திய அளவுமுறை ஒன்று முன்மொழியப்பட்டது. அகலம் போதாமல் ஒரு நீளம் கூடுதலாக வாங்கி, நாடாவை இறுக்கிக் கட்டிக்கொள்வதே நம்மவர் பலரின் வழக்கம். அதனால் காலணிக்குள் பாதம் முன்னும் பின்னும் உராய்ந்து, கொப்புளமும் நகக்கேடும் உண்டாகின்றன. இரு பாதங்களிலும் ஆறு விரல்கள் உடைய வங்காள வீராங்கனை சுவப்னா பர்மன், பொருந்தாத காலணிகளால் வலியுற்றும், 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் எழுபோட்டித் தங்கம் வென்றார். அவருக்கெனத் தனிக் காலணி செய்யப்பட்டது அவ்வெற்றிக்குப் பின்னர்தான். எல்லாக் குழந்தைகளாலும் அவ்வலியைத் தாங்க இயலாது. தாங்க வேண்டுவதும் இல்லை.

ஆகவே வாங்கச் செல்வோர் சில எளிய முறைகளைக் கைக்கொள்ளலாம். மாலை வேளையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போதே அளவு பார்க்க வேண்டும். குழந்தையை ஒரு தாளின் மேல் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து எடுத்துச் செல்லலாம். காலணியின் உள்ளே இருக்கும் படுகையை எடுத்து அக்கோட்டின் மேல் வைத்தால், எவ்விடத்தில் நெருக்கும் என்பது உடனே தெரிந்துவிடும். இரு பாதங்களும் சமமாக இரா, பெரியதற்கே அளவு. நீண்ட விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கட்டும். வளரும் என்று எண்ணி இரண்டு எண் பெரிதாக வாங்குதல் சிக்கனமாகாது. முதலில் நல்ல பயிற்சிக் காலணி ஒன்று போதும். ஆணிக் காலணியைப் பயிற்சியாளர் கேட்கும்போது வாங்கலாம். நுரை மெத்தை தட்டையாகிவிட்டால், மேற்பாகம் புதிதாகத் தோன்றினும் அக்காலணியின் ஓட்டப் பணி முடிந்தது என்று கொள்ள வேண்டும்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோற்காலணித் தொழில் நெடுங்காலமாக நடைபெறுகிறது. செய்யாற்றுத் தொழிற்சாலைகளில் உலகப் புகழ்பெற்ற நிறுவனங்களுக்கு விளையாட்டுக் காலணிகள் செய்கின்றனர். அங்கே பணிபுரிவோருள் பெண்களே மிகுதி. வடநாட்டுக் கடையொன்றில் நாம் எடுத்துப் பார்க்கும் காலணியின் தையல், நம் ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தியின் கையால் ஆனதாக இருக்கலாம். அதன்மேல் எழுதிய பெயரைப் படிக்குமுன், குழந்தையின் பாதத்தை வரைந்த தாளை அதன் அடியில் வைத்துப் பார்ப்போமாக.